‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல்

வெஸ்ட்பரி நகரத்து அகராதி நிலையத்தில் வாய்திறந்து பேசும் வழக்கம் கிடையாது. முப்பத்தாறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் அந்தப் பெரிய கூடத்தில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளவேண்டும். ஜன்னலைச் சாத்தலாமா என்பதற்கும் சீட்டுதான். இருபது வருடமாக அங்கேயே இருந்த கோரா விங்கேட்டுக்கு இந்த அமைதி உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பள்ளி ஆசிரியையான தங்கை லூயெல்லாவின் சாதாரணப் பேச்சே அவளுக்குக் காது கூசும்.

1949 அக்டோபரில் கோராவின் மேஜையில் கிடந்தது ‘ட்ரீம்’ என்ற சொல். கனவு. புதிய பதிப்புக்காகப் பழைய பொருள்களைச் சரிபார்க்கும் வேலை. புத்தகங்களிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் அந்தச் சொல் வந்த வாக்கியங்களை வெட்டி ஒட்டிய அட்டைகள் நானூற்றுச் சொச்சம் வந்து சேர்ந்திருந்தன. தூக்கத்தில் வரும் கனவு ஒரு குவியல். விழித்துக்கொண்டு காணும் கனவு ஒரு குவியல். அழகான பெண்ணையும், சத்தமில்லாமல் ஓடும் காரையும்கூட ‘ட்ரீம்’ என்பார்கள். அது ஒரு சின்னக் குவியல். இறந்தகாலத்தை ‘ட்ரீம்டு’ என்று எழுதுகிறவர் எத்தனை பேர், ‘ட்ரெம்ட்’ என்று எழுதுகிறவர் எத்தனை பேர் என்று எண்ணி ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு சீட்டு வந்தது.

“கீழே ஒரு வக்கீல் வந்திருக்கிறார். ‘ட்ரீம்’ என்ற சொல்லைப் பார்க்கிறவரைத்தான் பார்க்கவேண்டுமாம். கொலை வழக்காம்.”

வக்கீலின் பெயர் ரூஃபஸ் கில்மன். முப்பது வயதுகூட இருக்காது. ஹார்லோ ஃபால்ஸிலிருந்து நாலு மணி நேரம் ரயிலில் வந்திருந்தான். கூடத்துக்குள் பேசமுடியாது என்பதால் கோரா அவனை மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். படியிலேயே உட்கார்ந்து பையைத் திறந்தான்.

“எங்க ஊரு காகித மில்லு ஏப்ரல்ல எரிஞ்சுது, மிஸ் விங்கேட். பேப்பர்ல பாத்திருப்பீங்க. உலர்த்துற கூடத்துல ஆரம்பிச்சது. பர்ஜெஸ்னு ஒரு வயசான காவலாளி உள்ள மாட்டிக்கிட்டு செத்துட்டாரு. என் கட்சிக்காரன்தான் தீ வெச்சான்னு கேஸு.”

“வெச்சாரா?”

“இல்லங்கிறான். நான் நம்பறேன். பேரு ஓவிலா திபோடோ. ரெண்டு வருஷம் முன்னாடி அவன் தம்பி அதே கூடத்துல உருளைக்குள்ள கை சிக்கி செத்துப்போனான். கவனக்குறைவுன்னு கம்பெனி எழுதி மூடிட்டுது. தீ பிடிச்ச அன்னிக்கு ஓவிலாவை பின்வாசல் பக்கம் பாத்ததா ரெண்டு பேர் சொல்றாங்க. இதெல்லாம் நான் சமாளிச்சுடுவேன். இதைத்தான் சமாளிக்க முடியல.”

ஒரு கடிதத்தின் நகலை நீட்டினான். ஓவிலாவின் மனைவி நோரா காசநோய் மருத்துவமனையில் இரண்டு வருடமாகப் படுத்திருந்தாள். ஓவிலா வாரம் தவறாமல் அவளுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று அது, தீ பிடிப்பதற்கு முன் எழுதியது. உன் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது. பிறகு ஒரு வரி: ‘அந்த மில் எரிவதையே கனவு காண்கிறேன்.’ அடுத்த வரியில் அடுத்த வீட்டுக்காரரின் உருளைக்கிழங்கு விளைச்சல்.

“போலீஸுக்கு இது எப்படிக் கெடச்சுது?”

கில்மன் சுவரைப் பார்த்தான். “அந்தம்மாவே குடுத்துது. என் புருஷன் எவ்வளவு சாதுன்னு படிச்சுப் பாருங்கன்னு கட்டோட எடுத்துக் குடுத்திருக்கு.”

கோரா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். ஆங்கிலத்தில் ‘ட்ரீம்’ என்பதோடு ‘ஆஃப்’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்து ‘ட்ரீம் ஆஃப்’ என்று எழுதியிருந்தான். தூக்கத்தில் மில் எரிவதைக் கண்டு அலறி எழுந்தவனும் அப்படித்தான் எழுதுவான். மில் எரிந்து சாம்பலாக வேண்டும் என்று ஏங்குகிறவனும் அப்படித்தான் எழுதுவான்.

“ரெண்டு அர்த்தமும் உண்டு,” என்றாள்.

“அதைத்தான் வந்து சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேணாம்.”

ஒரு வாக்கியத்தைப் பற்றி உள்ளதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது. வருகிறேன் என்றாள்.

அன்றைக்கு மாலை தலைமைப் பதிப்பாசிரியர் ஸ்ட்ரௌட்டிடமிருந்து சீட்டு வந்தது. ‘நீதிமன்றத்துக்குப் போவதில் ஆட்சேபம் இல்லை. நம் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். புத்தகத்துக்கு மேலே எதுவும் சொல்லவேண்டாம்.’

வீட்டில் லூயெல்லா சிரித்தாள். “இருபது வருஷமா ஒரு வார்த்தை பேசாத ஆளு. உன்னைப் போயி கோர்ட்டுல பேசக் கூப்பிட்டிருக்கானே, அந்தப் பையனுக்கு வேற யாருமே கெடைக்கலியா?”

“ஒரே ஒரு வார்த்தையைப் பத்தித்தானே பேசப்போறேன்.”

“அதுக்கே நாலு நாள் யோசிப்பியே நீ,” என்று சொல்லிக்கொண்டே லூயெல்லா அவித்த பீன்ஸை இன்னும் ஒரு கரண்டி அவள் தட்டில் போட்டாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் விசாரணை. அவள் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் மதியம் கில்மன் அவளை நீதிமன்றத்துக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஓவிலா திபோடோ குட்டையான ஆள். காகிதக் கூழில் ஊறி ஊறி விரல்நகங்கள் வெளுத்திருந்தன. வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவன். மனைவி ஐரிஷ்காரி என்பதால் அவளுக்காகவே ஆங்கிலத்தில் எழுதப் பழகினானாம். எழுந்து நின்று, மடியில் வைத்திருந்த தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“நீங்கதான் புஸ்தகம் எழுதறவங்களா, அம்மா? நோரா ஒண்ணு வெச்சிருக்கா. எனக்கு எழுத்து தப்பும்போதெல்லாம் அதைத்தான் பாப்பேன்.”

“அந்த வரியை எழுதினப்போ என்ன நெனச்சு எழுதினீங்க, மிஸ்டர் திபோடோ?”

“கனவுதான். அடிக்கடி வரும். உலர்த்துற கூடம் எரியும். எல்ஸேயர், என் தம்பி, அந்தப் பக்கம் நிப்பான். நான் வாளியத் தூக்கிட்டு ஓடுவேன். கிட்டப் போய்ப் பாத்தா வாளியில தண்ணி இருக்காது. திரும்பி ஓடுவேன். அவ்வளவுதான். அதைப் போயி நோய்ல கெடக்கறவளுக்கு முழுசா எழுதுவாங்களா? ஒரு வரியோட நிறுத்திட்டேன்.”

கோராவுக்கு நெஞ்சு லேசானது. அதற்குள் அவனே மறுபடியும் பேசினான்.

“ஆனா கேட்டீங்கன்னா மறைக்க மாட்டேன். முழிச்சிருக்கறப்பவும் சில நாள் தோணியிருக்கு. எரிஞ்சா எரியட்டுமேன்னு. தம்பியப் பொதைச்ச வருஷம் அப்படி நெனைக்காத நாளே இல்ல.”

“ஓவிலா, வாய மூடு,” என்றான் கில்மன்.

“அம்மாகிட்டதான சொல்றேன்.”

“யார்கிட்டயும் சொல்லாத.”

ஓவிலா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். மேலே ஏறிவரும்போது கில்மன் அவளைப் பார்க்காமலே சொன்னான்: “தம்பிய மில்லுக்குக் குடுத்த எவனும் அப்படி நெனைக்கத்தான் செய்வான். நெனச்சவனெல்லாம் வெச்சுடறதில்ல.” தன்னிடம் கேட்கப்போவது சொல்லைப் பற்றி மட்டும்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் நீதிமன்றக் கூடம் நிறைந்திருந்தது. மில் மூடிக்கிடந்ததால் வேலையில்லாதவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பர்ஜெஸின் இரண்டு பெண்களும் கறுப்பு உடையில் முன்வரிசையில் இருந்தார்கள். கில்மன் கேட்டதற்கெல்லாம் கோரா தெளிவாகப் பதில் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, அந்த வரியை வைத்துக்கொண்டு எது என்று யாராலும் முடிவுகட்ட முடியாது என்றாள். குரல் எழும்பவில்லை; நீதிபதி இரண்டு தடவை உரக்கப் பேசச் சொன்னார்.

பிறகு அரசு வக்கீல் ஹாலட் எழுந்தார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. தன் மேஜையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கோரா அதன் முதுகைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

“இது உங்க நிலையத்து அகராதிதானே, மிஸ் விங்கேட்?”

“ஆமா.”

“நம்ம ஊரு பள்ளிக்கூடத்துலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதுதான் இருக்கு, இல்லியா? இதுல ‘ட்ரீம்’னு பாருங்க. நாலாவது பொருள். படிங்க.”

கோரா படித்தாள். “‘ஆசையோடு எண்ணுதல், அடைய விரும்புதல், பெரும்பாலும் ஆஃப் என்பதோடு சேர்ந்து வரும்.’”

“பெரும்பாலும்.” ஹாலட் பன்னிரண்டு ஜூரிகளையும் ஒரு தடவை பார்த்தார். “இப்ப இந்த மனுஷன் எழுதின வரியில ‘ஆஃப்’ இருக்கா, இல்லியா?”

“இருக்கு. ஆனா தூக்கத்துல காண்றதுக்கும் ‘ஆஃப்’ போட்டு எழுதறது உண்டு.”

“உண்டுதான். நான் கேக்கறது பெரும்பாலும். ‘அப்படிச் செய்யக் கனவுலயும் நெனைக்க மாட்டேன்’னு நாம சொல்றோமே, அதுவும் இதே ‘ட்ரீம் ஆஃப்’தானே? அது தூக்கத்தப் பத்தியா?”

“இல்ல.”

“இந்த நாலாவது பொருளை எழுதினது யாரு? உங்க நிலையத்துல அதுக்கெல்லாம் குறிப்பு இருக்குமே.”

கோராவின் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது. “நான்தான். 1929-ல.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. கில்மன் பேனாவைக் கீழே வைத்தான். இதை அவனிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இருபத்தேழு வயதில், சேர்ந்த முதல் வருடத்தில் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில் அது ஒன்று. அதை எழுதிய நாள் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது கையில் இருந்தவை பதினோரு அட்டைகள். பதினொன்றில் எட்டு ஏக்கத்தைப் பற்றியவை. பதினோரு அட்டையை நம்பி ‘பெரும்பாலும்’ என்று எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள்.

“அது தப்பு,” என்றாள்.

“என்னது?”

ஸ்ட்ரௌட்டின் சீட்டு அவளுக்கு நினைவில் இருந்தது. “அந்த இடத்துல புத்தகம் தப்பு. ‘பெரும்பாலும்’னு எழுதற அளவுக்கு அப்ப என்கிட்ட ஆதாரம் இல்ல. நான் அதை எழுதியிருக்கக் கூடாது.”

ஹாலட் புத்தகத்தை மெதுவாக மூடினார். “இருபது வருஷமா புள்ளைங்க படிக்கற புத்தகம் இன்னிக்குக் காலையில தப்பாயிடுச்சு. மூணு நாள் முன்னாடி யாராவது உங்ககிட்ட கேட்டிருந்தா, தப்புன்னு சொல்லியிருப்பீங்களா?”

கோரா யோசித்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குப் பிறகும் தெரியவில்லை. லூயெல்லா சொன்னது போல அவள் யோசிக்கிறவள்தான்.

“யாரும் கேக்கல. நானும் பாக்கல,” என்றாள்.

“எனக்கு வேற கேள்வி இல்லை.”

ஜூரிகள் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து அகராதியைக் கேட்டனுப்பினார்கள். நீதிபதி அனுமதித்தார். அது உள்ளே போன நாற்பதாவது நிமிடம் கதவு திறந்தது. குற்றவாளி. இருபத்திரண்டு வருடம்.

தீர்ப்பைக் கேட்டபோது ஓவிலா கில்மனிடம் ஏதோ சொன்னான். கில்மனின் முகம் கோணிப்போயிற்று. வெளியே படிக்கட்டில், அவன் என்ன சொன்னான் என்று கோரா கேட்டாள்.

“உங்க ரயிலுக்கு நேரமாகலியான்னு கேட்டான்,” என்றான் கில்மன்.

வெஸ்ட்பரிக்குத் திரும்பிய மறுநாளே கோரா அந்த அட்டைகளை மறுபடியும் எண்ண உட்கார்ந்தாள். ‘ஆஃப்’ சேர்ந்து வந்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்தாள். தூக்கத்துக் கனவு எழுபத்தொன்று. ஏக்கம் அறுபத்தாறு. இன்னொரு தடவை எண்ணினாள், அதே கணக்கு. நாலாவது பொருளிலிருந்து அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, அட்டைகளின் பட்டியலோடு ஸ்ட்ரௌட்டுக்கு அனுப்பினாள். நீதிமன்றத்தில் அவள் சொன்னது பத்திரிகைகளில் வந்திருந்தது. மூன்று பள்ளிக்கூடங்கள் விளக்கம் கேட்டு எழுதியிருந்தன. ஸ்ட்ரௌட் ஒரு வாரம் பதில் அனுப்பவில்லை. பிறகு வந்த சீட்டில் ‘சரி’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அகராதியில் ஒரு எழுத்தின் சொற்கள் முழுவதையும் அவர் அவளிடம் ஒப்படைக்கவில்லை. தாவரப் பெயர்களைப் பார்க்கச் சொன்னார். அவள் தாவரப் பெயர்களைப் பார்த்தாள்.

திருத்திய அச்சுப்படியை கில்மன் மேல்முறையீட்டில் வைத்தான். சொல்லின் பொருள் ஜூரி முடிவு செய்யவேண்டிய விஷயம் என்று அது தள்ளுபடியானது. கோரா வருடத்துக்கு ஒரு தடவை கில்மனுக்கு எழுதுவாள். 1953 பிப்ரவரியில் அவனிடமிருந்தே கடிதம் வந்தது. சிறையில் ஓவிலாவுக்கு நிமோனியா. நாலே நாளில் போய்விட்டான். நோரா அப்போதும் மருத்துவமனையில்தான் இருந்தாள். அடக்கத்துக்கு அவளை வெளியே விடவில்லை.

அந்தக் கடிதத்தோடு அவள் கூடத்தை விட்டு எழுந்து மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள். பேசத்தான் அங்கே போவார்கள். அவளுக்குப் பேச ஆள் இல்லை. அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு மேஜைக்கு வந்து வேலையைத் தொடர்ந்தாள்.

1955 மே மாதம் ஒரு சனிக்கிழமை பகலில் வீட்டுக்கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லி, வெயிலிலும் கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

“மிஸ் விங்கேட்? நான் நோரா திபோடோ.”

கோரா கதவைப் பிடித்தபடியே நின்றாள். லூயெல்லாதான் உள்ளே வரச்சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்; கொஞ்சம் தயங்கிவிட்டு, தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள்.

“புது மருந்து வந்துதுல்ல, அதுல நான் பொழைச்சிட்டேன்,” என்றாள் நோரா. “வெளிய வந்து ஒரு வருஷம் ஆவுது. உங்களப் பாக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன். போன மாசம் நடந்தது தெரியுமா?”

“தெரியாது.”

“மில்லு திரும்ப எரிஞ்சிடுச்சி. புதுசாக் கட்டினாங்கல்ல, அதேதான். அதே உலர்த்துற கூடம், அதே மூலை. இந்தத் தடவ யாரும் சாகல. பெரிய ஊருலேர்ந்து ஆளு வந்து பாத்து, அடியில ஓடுற மின்சார ஒயரு சூடேறித்தான் பிடிச்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டான். பழைய கட்டடத்துல இருந்த அதே ஒயராம். மாத்தாமயே மேல கட்டியிருக்காங்க.”

சமையலறையில் கிண்ணங்களின் சத்தம் நின்றுபோனது.

“அப்ப மிஸ்டர் திபோடோவோட கேஸு…” என்றாள் கோரா.

“கில்மன் மனு போடறேன்னு சொல்லுது. போடட்டும். செத்தவன் பேரச் சரி பண்ண ரெண்டு வருஷம் ஆகுமாம்.” நோரா கையில் இருந்த கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். “நான் உங்களத் திட்டத்தான் வந்தேன், மிஸ். பஸ்ஸுல வரும்போது என்னென்ன சொல்லணும்னு வரிசையா வெச்சிருந்தேன். உங்க வீட்டு வாசல்ல நின்னப்போ ஒண்ணு தோணிச்சு. நீங்க ஒரு வார்த்தை எழுதினீங்க. நான் கட்டோட எடுத்துக் குடுத்தேனே.”

“நீங்க அவரைக் காப்பாத்தத்தானே குடுத்தீங்க.”

“நீங்க எதுக்காக எழுதினீங்க?”

அதற்குக் கோராவிடம் பதில் இருந்தது. வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று எழுதினேன். அதை அப்படியே சொன்னாள். நோரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று கோரா காத்திருந்தாள். நோரா மெல்லத் தலையை மட்டும் ஆட்டினாள்.

லூயெல்லா தேநீரையும் கரும்புப்பாகு கேக்கையும் கொண்டுவந்து வைத்தாள். நோரா நன்றாகவே சாப்பிட்டாள். மருத்துவமனையில் படுக்கையில் கிடந்து சாப்பிட்ட பழக்கமோ என்னவோ, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“செயில்லேர்ந்தும் வாராவாரம் எழுதுவான்,” என்றாள். “நூத்து அறுபத்தெட்டு கடுதாசி. நான் எண்ணிட்டேன். ஒண்ணு தெரியுமா உங்களுக்கு? அந்த வார்த்தைய அப்பறம் அவன் எழுதவே இல்ல. ‘நேத்து தூங்கும்போது உன்னப் பாத்தேன்’னு எழுதுவான். ‘தூங்கும்போது எல்ஸேயர் வந்தான்’னு எழுதுவான். ‘வெளிய வந்ததும் ஒரு பசு வாங்கணும்னு நெனப்பு’னு எழுதுவான். ஒரு தடவகூட கனவுன்னு எழுதல. தப்பித்தவறிக்கூட.”

கோரா கையிலிருந்த கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். முப்பது வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோதுகூட லூயெல்லா தன் அக்காள் அழுது பார்த்ததில்லை, இப்போது பார்த்தாள். எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், ஆனால் தொடவில்லை. நோரா கேக்கின் கடைசித் துண்டை முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் கடுதாசியெல்லாம் நான் ஒரு தடவை படிக்கலாமா?” என்று கேட்டாள்.

“வேணாம்மா,” என்றாள் நோரா. குரலில் கடுமை இல்லை. “ஒரு தடவ குடுத்துட்டேன். இனிமே யாருக்கும் குடுக்கறதா இல்ல.”

மூன்றே முக்காலுக்குப் பஸ். கோரா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு நிறுத்தம்வரை நடந்தாள். நோராவுக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் நின்று நின்று போனார்கள். பஸ் வந்ததும் நோரா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையுறைகளைப் போட்டுக்கொண்டாள். கோரா பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு, வந்த வழியே இறங்கினாள்.